வாள் எடுக்காத கண்டக்டர்

தலைவன் என்றால் முன்னால் நின்று வாளைத் தூக்கிப் பிடிப்பவன் என்றுதான் பெரியப்பா மகன் கொண்டுவந்த தடிப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. அந்தப் படம் எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அந்த அண்ணன், கோடை விடுமுறைக்குத் தன் தங்கையோடு திண்டிவனத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கூடவே அந்தப் புத்தகமும், அதிலுள்ள விளையாட்டுக்கான இருபது முகம் கொண்ட பகடைகளும் வந்தன. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் கதை சொல்வான். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். அவன் தங்கை, எனக்கு அக்கா, வாள்வீராங்கனை; என் தம்பி வில்லாளி. எனக்கு ஒதுக்கியது மருத்துவச்சி வேடம். யாருக்கு அடிபட்டாலும் ஓடிப்போய்க் கட்டுப்போட வேண்டும். முடியாது, படையை நடத்தும் வேடம்தான் வேண்டும் என்றேன். அப்படியானால் நீயே ஒன்றை உண்டாக்கி விதிகளை எழுதி வா என்றான் அண்ணன், எட்டாம் வகுப்பு முடித்தவள் எங்கே எழுதப்போகிறாள் என்ற தைரியத்தில்.

எழுதினேன். என் தலைவிக்கு ஆயுதமே கிடையாது, விசில்தான். ஒரு விசில் அடித்தால் கூட்டாளிகள் அப்படியே நின்று, வருகிற வெட்டிலிருந்து தப்பலாம். இரட்டை விசில் அடித்தால் அவர்களில் ஒருவர் முறை வராமலே இன்னொரு வெட்டு வெட்டலாம், இல்லையென்றால் ஓடித் தப்பலாம். 'உள்ளே போ' என்று குரல் கொடுத்தால் எல்லாரும் இடம் மாறலாம். வேடத்தின் பெயர் கண்டக்டர்.

என் அப்பா மயிலம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கிருத்திகையன்று அந்த பஸ்ஸில் தொங்கியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கூடை, குழந்தை, காவடி என்று மூச்சு முட்டுகிற கூட்டத்தைக் குரலாலேயே நகர்த்தி வழி உண்டாக்குவார். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருந்தாலும் அப்பாவின் விசில் இல்லாமல் வண்டி நகராது. படை நடத்துவது இதைவிட வேறென்ன?

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ரூலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பேருதான் பேஜாரு. தளபதின்னு மாத்திடு, சேத்துக்கிறேன்."

"மாத்த மாட்டேண்ணா. கண்டக்டர்னா வர்றேன். இல்லன்னா நீங்களே ஆடிக்கோங்க."

நான் இல்லாமல் ஆட்டத்துக்கு ஆள் போதாது. வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டவன், அந்தக் கடுப்பைக் கதையில் காட்டினான். செஞ்சியைப் போல ஒரு மலைக்கோட்டை, உள்ளே கைதிகள், சரிந்துகொண்டிருக்கும் வாசல். நான் சளைக்கவில்லை. என் விசிலுக்கு அக்கா முறை வராமலே வெட்டினாள், தம்பி இடம் மாறி எய்தான், கைதிகள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் உள்ளே மிஞ்சியது ஒரு கிழக் கைதியும் நானும்தான்.

"ஒரு ஆளுக்குத்தான் நேரம் இருக்குது," என்றான் அண்ணன். "கெழவன வுட்டுட்டு நீ வெளிய வந்துடு. உன் வேஷம் பொழச்சுக்கும்."

"கண்டக்டர் கடைசியாத்தான் எறங்கணும்."

"அப்படி ஒரு ரூலே நீ எழுதலயே?"

"அத வேற எழுதணுமா இன்னா?"

டூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "நீ எறங்கிடு பாப்பா. யாரு கேக்கப்போறாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேனோ அவரே கட்சி மாறிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரட்டை விசில் அடித்தேன். கிழவன் வெளியே போனான். வாசல் இடிந்து விழுந்தது. என் கண்டக்டர் பிறந்த அன்றே செத்துப்போனாள். அன்று அப்பாவோடு சேர்ந்து சாப்பிடக்கூட நான் உட்காரவில்லை.

தன் வேலையின் மதிப்பு அவருக்கே தெரியவில்லை என்று வெகுநாள் கறுவிக்கொண்டிருந்தேன். ஊரையே இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கும் மனிதர், தன் மகளாவது முதலில் இறங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. புரிந்தும், நான் இறங்க மாட்டேன்.