அக்கா ஏறிய விமானம்

நான் விமானி என்பதை எங்கள் தெருவில் இன்னும் யாரும் முழுதாக நம்பவில்லை. கோலார் தங்க வயலில் வேலை என்றால் ஷிஃப்ட்தான். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால், "இன்னிக்கு இன்னா ஷிஃப்ட்டு?" என்றுதான் கேட்பார். "செகண்ட் ஷிஃப்ட்ணே, மேல் லெவல்" என்பேன். தாத்தா சுரங்கத்துக்குள் கீழே போனார், நான் மேலே போகிறேன் என்று ஒரு நகைச்சுவை. அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

அக்கா சிரிப்பாள். ஆனால் நகைச்சுவையைக் கேட்டு அல்ல, என்னைப் பார்த்து. அவள் மகளுக்குச் சென்னையில் வளைகாப்பு. நான் போகிற விமானத்திலேயே வா என்று நான்தான் வற்புறுத்தினேன். இறக்கைக்குப் பக்கத்தில் சன்னலோர இடம்கூட எடுத்துவிட்டேன்.

"ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குத் தேங்கா வாங்க அனுப்ச்சா, ஆண்டர்சன்பேட்டைல நின்னுக்கினு போன் பண்றவன் நீ. உன்ன நம்பி ஆகாசத்துல ஏறணுமா?"

"நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்க்கா. ஓட்டறது மேடம்."

"அத்த மொதல்ல சொல்றதுக்கின்னா."

மேடம் மதுரைக்காரர். விமானத்தின் தலைமை அவர், நான் துணை. கிளம்புவதற்கு முன் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. எந்த ஓடுபாதை, எழும்பியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் என்று ஒருவர் கருவிகளில் ஏற்ற, மற்றவர் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். தலையாட்டினால் போதாது. ஆனால் தினமும் போகிற வழி ஆயிற்றே. நாளாக நாளாக எங்கள் படிப்பு இப்படித் தேய்ந்துவிட்டது: "வழக்கம்போலத்தானப்பா?" "வழக்கம்போலத்தான் மேடம்."

நாங்கள் கிளம்பும் விமான நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டு, அக்கம்பக்கமாக. தென் பாதையில் கிளம்பினால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வட பாதையில் கிளம்பினால் இடப்பக்கம். இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்கள் எழும்பும் என்பதால் ஒன்றன் வழியில் இன்னொன்று போகாமலிருக்க இந்த ஏற்பாடு. எங்களுக்கு வழக்கம் தென் பாதை. அன்றும் அதற்குத்தான் எல்லாம் ஏற்றி, எழும்பியதும் திரும்ப வேண்டிய பக்கத்தைக் குறிக்கும் திசைக் குமிழை வலப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தோம்.

பாதி வழியில், வட பாதைக்குப் போங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் மாற்றியது. நான் அதை ஒரு பிசகில்லாமல் திருப்பிச் சொன்னேன். கணினியில் ஓடுபாதையையும் மாற்றினேன். முறைப்படி அங்கேயே நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்திருக்க வேண்டும். பின்னால் விமானங்கள் வரிசையில் நிற்கின்றன, உருண்டுகொண்டே இருந்தோம்.

"வேற எதுவும் மாறுதாப்பா?" என்றார் மேடம்.

"எங்கக்கா மூஞ்சிதான் மேடம் மாறியிருக்கும். இந்நேரம் வெளுத்திருக்கும்."

மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன். பதில் வந்துவிட்ட மாதிரி இருவருக்கும் ஒரு நிறைவு. திசைக் குமிழ் வலப்பக்கமே இருந்தது.

எழும்பினோம். குமிழ் காட்டிய பக்கம் மேடம் திருப்பினார். என் பக்கத்துச் சன்னல் கீழே சாய்ந்தது. அதில் தென் பாதை தெரிந்தது. அதிலிருந்து ஒரு விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதானது. இறக்கை நுனியில் விளக்கு மினுக்குவதுகூடத் தெரிந்தது.

பயந்தால் வியர்க்கும் என்பார்கள். எனக்கு வியர்க்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் சொல்ல ஆங்கிலத்தில் வாக்கியங்கள் உண்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். ஒன்றும் வரவில்லை. பின்னால் சன்னலோரம் அக்கா உட்கார்ந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. அங்கே உட்கார வைத்தவன் நான்.

"மேடம், இன்னா மேடம் இந்தாண்ட போறீங்க. அந்தாண்ட போணும்."

அவருக்கு வார்த்தை புரிந்ததோ இல்லையோ, குரல் புரிந்தது. அதே நொடியில் எச்சரிக்கைக் கருவி "டிராஃபிக், டிராஃபிக்" என்று கத்தியது. கோபுரமும் ஏதோ சொல்லத் தொடங்கியது. மேடம் இடப்பக்கம் சாய்த்தார். பின்னால் எதுவோ தடதடவென்று உருண்டது. சன்னலில் வானம் மட்டும் இருந்தது. அந்த விமானம் எங்கே போயிற்று என்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு அது எங்களுக்குப் பின்னால், கீழே, தன் வழியில் போவதைப் பார்த்தேன்.

"போயிருச்சா?" என்றார் மேடம், நேராகப் பார்த்தபடி.

"போயிருச்சு மேடம்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்."

"இன்னொருக்காப் பாரு."

பார்த்தேன்.

உயரம் ஏறியதும் பயம் இறங்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் அது சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வழக்கமாக எங்கள் ஊர் தாண்டும்போது தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேடுகள் வெளிறிக் கிடப்பதைத் தேடிப் பார்ப்பேன். அன்று கண்ணைக் கருவிகளைவிட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை, மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். மேடம் போதும் என்று சொல்லவில்லை.

சென்னையில் பயணிகள் இறங்கியதும், இருக்கையைவிட்டு எழுந்திருக்காமலே அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். விசாரணை முடியும்வரை இருவருக்கும் பறக்கும் வேலை இல்லை என்றார்கள்.

"நீ ஒண்ணு நான் ஒண்ணுன்னு சொல்ல வேணாம்ப்பா. நடந்ததச் சொல்லுவோம். அந்த ஜோக்கையும் சொல்லிரு."

"சொல்றேன் மேடம்."

"நான் சிரிச்சதயும் சொல்லு."

வெளியே அக்கா எனக்காகக் காத்திருந்தாள். முகம் வெளுக்கவில்லை, பளபளவென்றிருந்தது.

"டேய், நீதான அப்டி ஆட்ன? இந்தாண்ட ஒரு சாய்ப்பு, அந்தாண்ட ஒரு சாய்ப்பு. சன்னல்ல ரெக்க மட்டுந்தான் தெரிது. பக்கத்துல ஒரு பெரியவரு கோவிந்தா, கோவிந்தான்றாரு. நான் சொல்ட்டேன், பயப்படாதீங்க, முன்னாடி எந்தம்பி கீறான், என்ன பயமுறுத்தறதுக்கு வெளையாடறான்னு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். வளைகாப்பு வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். எனக்கும் அது எவ்வளவு வசதி.

"இல்லக்கா. வெளையாடல. தப்பாத் திரும்பிட்டோம். அந்தாண்ட இன்னொரு விமானம் வந்துக்கினு இருந்துச்சு."

அடுத்து நான் என்ன சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று அவள் காத்திருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இரண்டு விமானமாக்கி, எவ்வளவு பக்கத்தில் வந்தன என்று காட்டினேன். அவள் என் கைகளையே பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமாக்கா."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சென்னை வெயிலில்.

"பொண்ணாண்ட இத்த சொல்லாத. மாசமா கீறா."

"சொல்ல மாட்டேன்."

ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்ததும் சொன்னாள்: "திரும்பி வரப்போ நான் ரயில்லயே வந்துக்கறேன்."

"எனக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுக்கா" என்றேன்.