உப்புத் தண்ணீரும் எலிசா அக்காவின் மோட்டரும்

செவ்வாய்க்கிழமை காலை கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்டபோது தொலைபேசி அடித்தது. எலிசா அக்காவின் தாயார், நான் அன்ரி என்று கூப்பிடுபவர். "பிள்ளை, எலிசா போயிட்டாள்," என்றார். மூன்று நாள் காய்ச்சலாம். அன்ரி அழவில்லை. நானும் அழவில்லை, கதிரையில் இருந்துவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் கடற்கரை ஊரான பேசாலைக்குத் திரும்பி வந்த குடும்பம். இடையில் படிப்புத் தவறியதால், என்னைவிட மூன்று வயது மூத்தவர் என் வகுப்பில், என் வாங்கிலேயே பக்கத்தில் இருந்தார். அதனால் வகுப்புத் தோழியை அக்கா என்றே அழைத்தேன்.

அன்ரி நாள்தோறும் கிணற்றில் அள்ளி, வாளி வாளியாக மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றுவார். யுத்தத்தில் ஷெல் பட்ட தோள் அவருக்கு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி என்றதும் அக்கா முடிவெடுத்துவிட்டார். "அம்மா இனி வாளி தூக்கக் கூடாது." பழைய வான் வண்டி ஒன்றிலிருந்து, முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் சிறு மோட்டரைக் கழற்றினோம். மோட்டர் சைக்கிள் பற்றரி, குழாய், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் போத்தல். அன்ரி மடுக் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்த நாட்களில், கன்றுகளின் மேலே மழைபோலத் தூவும்படி பூட்டினோம். தண்ணீர் சீறியபோது இருவரும் தெப்பமாக நனைந்தோம். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிறகு வந்ததில்லை.

நாலாம் நாள் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. திரும்பி வந்த அன்ரி ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தார். "எங்கட கிணத்துத் தண்ணி உவர். நான் அடியிலதானே ஊத்துறனான். இலையில பட்டா எரிச்சுப்போடும்." முகாமில் லொறியில் வந்த தண்ணீரோடு வளர்ந்த அக்காவுக்கும், மீன்பிடி வீட்டுப் பிள்ளையான எனக்கும் இது தெரியாது. அன்ரி ஏசவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு போனார். அதுதான் அக்காவைச் சுட்டது.

கண்காட்சியில் இதைச் சொல்ல வேண்டாமென்று அக்காவிடம் கெஞ்சினேன். அவரோ நடுவரிடம், "இது வேலை செய்யும் சேர். ஆனா எங்கட கண்டுகளை எரிச்சுப்போட்டுது," என்றார். பரிசு போனது. ஒரு கிழமை, ஏழு நாளும், நான் அவரோடு கதைக்கவில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அந்தக் கிழமை முழுவதும் அவர் தனியே குழாயை நிலத்தில் கிடத்தி, ஒவ்வொரு கன்றின் அடிக்கும் நேரே அதில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அன்ரி வாளி தூக்கவில்லை. மோட்டர் அடிக்கடி பழுதாகும், அக்கா திருத்துவார். இத்தனை வருடமும் இப்படித்தான் போனது.

அடக்கம் முடிந்து அன்ரி வீட்டுக்கு வந்தோம். மிளகாய் வாடி நின்றது. மோட்டர் ஓடவில்லை. நானும் சேர்ந்து செய்தவள்தான், ஆனால் திருத்தும் வழி எனக்கு மறந்துபோயிருந்தது. அன்ரி வாளியைத் தேடினார்.

"விடுங்கோ அன்ரி, நான் ஊத்துறன்."

அடியில் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். நாலாவது வாளியில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் அம்மா இன்று வாளி தூக்கவில்லை. நாளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.