தைராய்டு மாத்திரை

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அந்த வருஷம் என்னைப் போல ஒரு அதிகப்பிரசங்கி ஸ்ரீரங்கத்திலேயே இருந்திருக்க முடியாது. காலையில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிக் கல்லூரிக்குப் போவேன். சாயங்காலம் திரும்பியதும் அன்று படித்ததையெல்லாம் வீட்டில் கொட்டுவேன். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்போடு எப்படிப் பேசுகிறது என்று சமையலறையில் நின்று அம்மாவுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்புவாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பாவுக்குத் திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குத் தைராய்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அட்டையிலிருந்து பிரித்து அந்த டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். சில மாதங்களுக்கு ஒருமுறை அப்பா லீவு போட்டு அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்.

மருந்தியல் படிக்க ஆரம்பித்ததும் நான் சும்மா இருப்பேனா? தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும் என்றேன். "இத்தனை வருஷமா தப்பாப் போட்டிருக்கியேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அம்மா காபிக்கு முன்னால் மாத்திரை போட்டாள். வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். பழகிவிடும் என்றேன். டோஸ் மாறாதபோது அடிக்கடி டெஸ்ட் எதற்கு, வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்றேன். அதையும் கேட்டாள். என் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பங்குனியில் தொழிற்சாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அப்பாவுக்கு பிபி என்று தெரிந்தது. உப்பைக் குறைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன். ஒருவருக்கு மட்டும் என்றால் நடக்காது, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் என்று சட்டம் போட்டேன். குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்று அப்பா முனகினார். "எனக்கு வேணா தனியா..." என்று அம்மா ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு ஏகாதசி வந்தது. அம்மா வழக்கம்போல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தாள். மறுநாள் காலை அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் வாந்தி எடுத்தாள். கை நடுங்கியது, பேச்சு குழறியது. பக்கவாதம் என்று நான் முடிவு கட்டினேன். சிரிக்கச் சொன்னேன், இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன், எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல். அவள் என்னை என் அத்தை என்று நினைத்துப் பேச ஆரம்பித்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார்.

"தைராய்டு மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் எழுதத் தொடங்கினார். அப்பா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். கிளம்பும்போது பீரோவிலிருந்து எடுத்து வந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் நீட்டினார்.

"தைராய்டு இல்லைங்க. இதுதான் சாப்பிடறா."

லித்தியம் என்று போட்டிருந்தது. மனநிலை ஒரேயடியாக ஏறி, ஒரேயடியாக இறங்கும் நோய்க்குக் கொடுப்பது. சாப்பாட்டில் உப்பும் உடம்பில் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாது, ரத்தத்தில் சேர்ந்து விஷமாகிவிடும். அதனால் அவ்வப்போது அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடும் போட்டிருந்தேன். உப்பை நிறுத்தியவளும் டெஸ்ட்டை நிறுத்தியவளும் நான்தான்.

அளவு எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. சலைன் ஏற்றினார்கள். இதில் இறங்காவிட்டால் டயாலிசிஸ் செய்ய வேண்டும், உயிரைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்து அப்பாவிடம் பாய்ந்தேன்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேப்பா?"

"உனக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காம்மா" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அம்மாவுக்குத் தெளிந்தது. கேண்டீனிலிருந்து கஞ்சி வாங்கி வந்து ஸ்பூனால் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள்.

"உப்பைக் குறைக்கக் கூடாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு" என்றாள். நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

"தெரிஞ்சேவா உப்பில்லாமச் சாப்பிட்ட? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னம்மா?"

"வேணாம்னா ஏன்னு கேப்பியே." ஸ்பூனைக் கையால் தள்ளினாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே. ஒரு பொம்பள கடைக்குப் போய் நாப்பது புடவை எடுத்துட்டு வந்தாளாம், விடிய விடியப் பாடினாளாம், சரியான கேஸுன்னு. அதுக்கப்பறம் எப்படிடி சொல்றது?"

எனக்கு நன்றாக நினைவிருந்தது. மனநலப் பிரிவில் பயிற்சிக்குப் போன முதல் வாரம் அது. அந்தப் பெண் போலவே கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினேன். அம்மாவும் சிரித்தாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. நோயாளியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உளவியல் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். வெட்கத்தில் தலை தூக்க முடியவில்லை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? உன் புத்தகத்துல போட்டிருக்குமே. இது அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வருமா?"

எல்லோருக்கும் வராது, ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்றுதான் புத்தகத்தில் இருந்தது.

"எல்லாருக்கும் வராதும்மா" என்று பாதியை மட்டும் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலோ, மூச்சுவிடாமல் பேசினாலோ அவள் வேலையை விட்டுவிட்டு இப்படித்தான் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். என்ன தேடினாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு மொதல்ல வந்தப்ப உன் வயசுதான். தூக்கமே வராமப் போச்சு, அப்படித்தான் ஆரம்பிச்சது" என்றாள். "இந்த மூணு நாளும் நீ தூங்கினியா?"

"நல்லாத் தூங்கினேம்மா" என்றேன். ஒரு நிமிஷம்கூட நான் கண்ணை மூடவில்லை.