அவர் சொன்னதை நான் சொன்னேன்

சபித்ரி என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு ரயில் ஏறியிருப்பாள்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மந்தாரக்குப்பத்தில் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கிறார்கள். காலையில் கடுகெண்ணெய் காயும் வாசனை வந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சபித்ரி அங்கேதான் குடியிருந்தாள். ஒடிசாக்காரி, சமையலெல்லாம் கடுகெண்ணெயில்தான். கணவனுக்கு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. என்னிடம் கைக்குழந்தை, அவள் மாசமாக இருந்தாள். பரீட்சைக்குப் படித்த என் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் குழம்பி, என் மகளே ஆண்பிள்ளையாகிவிடுவாள். சபித்ரிக்கும் அது இரவல் மொழிதான். ஆனாலும் மதிய நேரங்களில் "தீதீ, தீதீ" என்று என்னை அக்காவாக்கி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள். கணவனும் கூடவே கிளம்புவானே! அது மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கும் ஓவராயில் நேரம். ஆளை விட சூப்பர்வைசருக்கு மனமில்லை. அவர் எங்கள் தெருக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, பிரசவத்த இங்கயே வெச்சிக்கச் சொல்லு. ஒரு போன் போட்டா போதும், கார் அனுப்புறேன். நானே ஆஸ்பத்திரில சேத்துடுறேன்."

ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னேன். சபித்ரி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். மூட்டையைப் பிரித்தாள்.

வலி வந்த அன்று நான் அம்மாவின் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அவள் கணவன் ஷிப்டில். அண்ணன் கொடுத்த அந்த ஒரு நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப்.

"வவுத்தப் புடிச்சிகினு என்னமோ சொல்லிகினே இருந்துச்சிம்மா. எனக்குப் புரிஞ்சாதானே?" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் புரிந்துகொண்டு 108-ஐ அழைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை.

"கார் அனுப்புறேன்னு சொன்னீங்களே அண்ணே?"

"நான் எங்கம்மா சொன்னேன்? நீதான் ஹிந்தில என்னென்னமோ சொன்ன. எனக்கு அதுல ஒரு வார்த்த தெரியுமா?"

சபித்ரியின் கணவனும் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, அவளிடம் என்ன சொன்னானோ.

அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது வாசலில் நின்றேன். சபித்ரி தீதீ என்று கூப்பிடவில்லை. அந்த மதிய நேரத்துச் சிரிப்பெல்லாம் அன்றோடு போயிற்று.

நேற்று அதே அண்ணன் வந்து நின்றார். "புதுசா வந்திருக்கற பொண்ணும் மாசமா இருக்கு. வந்து ஹிந்தில ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயேன் தங்கச்சி."

போகாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இங்கே ஒன்றும் புரியாது. போனால் அவருடைய வாக்கை என் வாய் சொல்லும். நம்பாதே என்று சேர்த்துச் சொன்னால், அவர் கையில் இருக்கும் அவள் கணவனின் வேலைக்கு ஆபத்து வருமோ? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லுங்களேன்.