ஷோகேஸில் நின்ற தீயணைப்பு வண்டி

போன வருடம், அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த மறுநாள் காலை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில், நாற்பத்து மூன்று வயதான நான் தரையில் மண்டிபோட்டு ஒரு பொம்மைத் தீயணைப்பு வண்டியைக் கையால் தள்ளி, வாயால் சைரன் ஊதிக்கொண்டிருந்தேன். சைரன் வண்டியில்தான் அடித்திருக்க வேண்டும். அது அடிக்காததால் அந்த வேலை என் வாய்க்கு வந்தது.

அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் சிங்கப்பூரில் வாங்கிவந்த வண்டி அது. பேட்டரி போட்டால் ஏணி தானாக உயரும், சிவப்பு விளக்கு சுழலும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. படம் பார்த்ததோடு சரி. அன்றைக்கே அம்மா அதை ஷோகேஸின் மேல்தட்டில், பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் சிப்பி ஒட்டிய மாதா சுரூபத்துக்கும் நடுவில் நிறுத்திப் பூட்டிவிட்டாள். "புதுநன்மை வாங்கு, தாரேன்" என்றாள், கோயிலில் வாங்கும் முதல் நற்கருணையைச் சொல்லி. வாங்கினேன். "முழுப் பரீட்ச முடியட்டும்." முடிந்தது. "பெரியவனாயிட்டு வெளயாடு." அதுவும் ஆனேன். மீசை முளைத்தவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

தெருப் பையன்கள் மல்யுத்த வீரர் சீட்டுக்கட்டுக்கும், தண்ணீருக்குள் வளையம் மிதக்கும் விளையாட்டுக்கும் அடித்துக்கொண்ட காலம். வெள்ளிக்கிழமை ராத்திரி டிவியில் பாட்டு ஓடும்போதுகூட என் ஒரு கண் ஷோகேஸில்தான் இருக்கும்.

வண்டி கிடைக்கவில்லை, பதிலுக்கு எனக்கு ஒரு கதை கிடைத்தது. 'கடல் தாண்டி வந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் ஆயுள் தண்டனை, ஜெயிலர் என் அம்மா' என்று தொடங்கி, அவள் குரலிலேயே பேசிக் காட்டுவேன். பழைய மாணவர் சந்திப்பு, கல்யாண வீடு, தொண்ணூறுகளின் பிள்ளைகள் கூடிப் பெருமூச்சு விடும் வாட்ஸாப் குழு என்று ஓர் இடம் பாக்கியில்லை. பலமுறை அம்மா பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், "ஆமா, நான் பொல்லாதவதான்" என்று தானும் சிரிப்பாள். அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன். அதற்குத் தனிக் கைத்தட்டல் உண்டு.

அம்மா போன பிறகு சாவி என்னிடம் வந்தது. ஒரு வருடம் தொட மனசு வரவில்லை. அன்று காலைதான் துணிந்து திறந்தேன். புது பேட்டரி போட்டு, குழுவுக்கு அனுப்ப வேண்டுமே என்று கைபேசியை ஸ்டூலில் சாய்த்துப் படம் பிடிக்க வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. தட்டினேன், ஊதினேன், திருப்பி அழுத்தினேன். அப்புறம்தான் வாய் சைரன்.

நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "ஏலே, அது எங்கன ஓடும்? கொழும்பு வாரதுக்குள்ளயே கெட்டுப் போச்சுல்லா."

"என்னப்பா சொல்லுதிய?"

"கப்பல்ல பொழுது போவாண்டாமா? சாப்பாட்டு மேசையில நாங்கதான் ஓட்டிப் பாத்தோம். ஒரு அலை தூக்குச்சு, கீழ விழுந்துட்டு. எஞ்சின் ரூம்காரன் ஒருத்தன் சரி பண்ணுதேன்னு கழத்தி, இருந்த உயிரையும் எடுத்துட்டான்."

சொல்லும்போது அந்தக் கிழ முகத்தில் பள்ளிக்கூடப் பையனின் திருட்டுச் சிரிப்பு. பிறகு அது மெல்ல அடங்கியது. வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு நின்றாராம். அம்மா சொன்னாளாம்: "வருசத்துக்கு ஒருக்க வாரிய. வந்த அன்னைக்கே பிள்ள மொகம் சுண்டணுமா? நான் தரலன்னே இருக்கட்டும். எம்மேல கோவப்பட்டு எங்க போயிருவான்? சாயந்திரம் சோத்துக்கு வந்துதான ஆவணும்."

வண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைபேசி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தனை கூட்டத்தில், ஒரே ஒரு வரியில் என் கதையை அவள் முடித்திருக்கலாம். "நான் பொல்லாதவதான்" என்னும்போது அவள் பார்வை அப்பா இருந்த பக்கம் போனதாக இப்போது தோன்றுகிறது. அப்போது என் கவனமெல்லாம் கைத்தட்டலில் இருந்தது. அவள் இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என்னை எனக்குத் தெரியும். கதைக்கு நல்ல முடிவு கிடைத்தது என்று அதையும் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவளை ஜெயிலர் ஆக்கியவன் நான்; தண்டனையை அனுபவித்தவள் அவள்.

திருப்பலிக்கு வந்திருந்த அக்கா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்லே. நீ வாயத் தொறந்தா அடுத்தவங்கள எங்கன பேச விடுத?"