ஊருக்கு இரண்டு பேரும் மிசியே லயோஷும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மார்க்ஸ் டோர்மோய் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். இங்கே பிரான்சில் எங்கள் தமிழ் ஆட்கள் நடத்தும் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் பின்னால் வந்து, "தங்கச்சி, உம்மட ஹங்கேரியன் செத்துப்போனானாம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு கத்தரிக்காயை அமத்திப் பார்த்தார். சனிக்கிழமை லாச்சப்பல் கடைக் கண்ணாடிகளில் சுவரொட்டி தொங்கியது: "எம் பாசத்துக்குரிய பயிற்சியாளர் அமரர் லயோஷ்." ஒருவர் இவர்களுடைய பாசத்துக்குரியவராக நான்கு நாட்கள் போதும். செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் பாசத்துக்குரியவர் அல்லர். இரண்டு குளிர்காலம் அவருடைய பிரெஞ்சை எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்தேன். நான் அவரை மிசியே, ஐயா, என்றுதான் அழைத்தேன்; அவர் ஒருநாளும் என் பெயரைக் கேட்கவில்லை. "குரல் வந்துவிட்டதா?" என்பார். பட்டம் படித்தவள், பிரெஞ்சு வகுப்பில் ஒழுங்காக இருந்தவள் என்பதற்காகக் கமிட்டி என்னைப் பிடித்து அவர் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவளைக் குரலாக்கியது யாருடைய பகிடி என்று இன்றும் தெரியாது.

புடாபெஸ்டில் முதற்பிரிவில் வலப்புறம் ஓடியவர். ஐம்பத்தாறில் ருஷ்ய டாங்கிகள் வந்தபின் எல்லை கடந்தார். பிரான்சின் வடக்கே ஒரு சுரங்க ஊர்க் கழகத்தில் முழங்கால் போனது. பிறகு பயிற்சியாளராக பெல்ஜியம், கிரேக்கம், துனீசியா. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிய கழகம். கடைசியில், தான் கோப்பை கழுவிய உணவகத்தில் தினமும் சூப் குடிக்க வந்தவரைச் செயலாளரே எங்களிடம் கூட்டி வந்தார். "எல்லா நாட்டிலும் கமிட்டி என்னைத் துரத்தியது. நீங்கள் மட்டும்தான் தேநீர் கொடுத்துவிட்டுத் துரத்துவீர்கள் போலிருக்கிறது" என்றார் லயோஷ் முதல் நாளே. நான் அதை, "உங்கட தேத்தண்ணி நல்லாயிருக்காம்" என்று சொன்னேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். என் பிழை அன்றே தொடங்கியது.

திரான்சியில் நடந்த கோடைச் சுற்றுப்போட்டிக்குக் கமிட்டி நாங்கள் விட்டு வந்த ஊர்களைக் கணக்குப் பார்த்து ஒரு பட்டியல் கொடுத்தது. ஊருக்கு இரண்டு பேர். செயலாளரின் மச்சானும் அதில் இருந்தார். ஓடினால் மூச்சு வாங்கும், நின்றாலும் வாங்கும். லயோஷ் பட்டியலைப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஊருக்கு இரண்டு பேர், மிசியே."

"ஊர்கள்தான் விளையாட வேண்டுமென்றால் ஊர்களையே ஓடச் சொல். எனக்குக் கால்கள் போதும். இந்தத் தாளில் யாராவது மீன் சுற்றட்டும்."

கமிட்டி முழுவதும் என் வாயைப் பார்த்தது.

"அவர் என்னவாம், பிள்ளை?"

"ஓமாம் அண்ணை. அப்பிடியே செய்யிறாராம்."

"பாத்தியளே, வெள்ளையன் எண்டாலும் எங்கட நிலைமை விளங்கினவன்" என்றார் செயலாளர்.

போட்டியன்று லயோஷ் ஒரே ஊரிலிருந்து நான்கு பேரை இறக்கினார். செயலாளரின் ஊரிலிருந்து ஒருவரும் இல்லை. நாங்கள் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றோம். வென்ற அன்று மாலையே கமிட்டி கூடியது. "வெண்டென்ன? வாக்குத் தந்திட்டு மாத்திப்போட்டான். பொய்யன்" என்றார் செயலாளர். வெற்றியைப் பற்றி வேறு எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீக்கற் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதும் வேலையும் எனக்குத்தான் வந்தது. எழுதினேன். கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டினார்கள்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நான் என்ன வாக்குக் கொடுத்தேன்?" என்று கேட்டார். கமிட்டிக்கு நான் சொன்னதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"கடித்தவன் நான். என் பல்லைப் பிடுங்க உன்னை யார் கேட்டது?"

கடிதத்தை நாலாய் மடித்துவிட்டு, "என்னை மடையன் என்றும் குடிகாரன் என்றும் துரத்தியிருக்கிறார்கள். பொய்யன் என்று இதுதான் முதல்தடவை. அவர்களிடம் உண்மையைச் சொல்வாயா?" என்றார்.

"சொல்கிறேன்."

சொல்லவில்லை. கமிட்டியிடம் பயம். எனக்குக் கிடைத்திருந்த நல்ல பிள்ளை என்ற பெயர் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரியது.

நினைவுக் கூட்டத்தில் செயலாளர் அவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பேசினார்: "வாக்கு மீறினவர்தான். ஆனா நாங்கள் மன்னிச்சிட்டம்." மச்சான் முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார். நான் பின்வரிசையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றும் எழும்பவில்லை.

ஆகவே, கழகத்தில் அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். மிசியே லயோஷ் எந்த வாக்கும் தரவில்லை. உங்கள் பட்டியலில் மீன் சுற்றச் சொன்னார். அதை மறைத்தவள் நான். உங்கள் மன்னிப்பை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எனக்குத் தாருங்கள். எனக்கும் அது வேண்டியதில்லை.

இப்போது பொபினியில் ஒரு கந்தோரில் அகதி விண்ணப்பக்காரருக்கு மொழிபெயர்க்கிறேன். போன வாரம் ஒரு மன்னார் அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு அதிகாரி, "இதை நான் நம்பவில்லை" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். வழக்கமான இனிப்புப் பொய் நாக்கின் நுனி வரை வந்தது.

"அம்மா, அவர் நம்பேல்லையாம்" என்றேன்.

அம்மா என்னை வெறுப்போடு பார்த்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். இப்படியான வெறுப்பைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகிவருகிறேன். மிசியே லயோஷிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.