அக்காவின் அறைக்கு அனுமதி

தேயிலைத் தோட்டத்துக் கூலி வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தில் யாரும் எதையும் கேட்டுக் கட்டியதில்லை. ஒரு தீபாவளிக்குக் கடைசி வீட்டுக்காரர் பின்பக்கத்துச் சுவரை இடித்தார். பொங்கலுக்குள் அங்கே ஓர் அறை முளைத்திருந்தது. நடு வீட்டில் ஒரு கோழிக்கூடு வளர்ந்து வளர்ந்து மாப்பிள்ளை வந்தால் தங்கும் இடமாகிவிட்டது. எல்லாம் பழைய தகரம், பழைய பலகை, கொஞ்சம் துணிச்சல். வீடும் தோட்டத்துடையது, மண்ணும் தோட்டத்துடையது, ஆனாலும் ஆபீசில் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் எங்கள் அப்பா. நல்ல மனிதர்தான். அந்த நல்லதனத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அறை அக்காவுக்காக. அவள் தானா ராத்தா டவுன் பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அரசாங்கப் பரீட்சை. எங்களுக்கு இருந்தது முன்கூடமும் ஒரே ஒரு படுக்கையறையும் குசினியும்தான். அடுப்போரம் உட்கார்ந்தால்தான் குளிர் தாங்கும், உட்கார்ந்தால் புகை. பனி ஈரத்தில் அவள் புத்தகமெல்லாம் நமுத்த அப்பளம் மாதிரி தொய்ந்துபோயிருக்கும். போதாததற்குப் பக்கத்தில் நான், வாய் மூடாமல். லயத்துப் பெண் பிள்ளைகளில் அவ்வளவு தூரம் படித்தவள் அவள் ஒருத்திதான். டீச்சர் ஆகப்போகிறாள் என்று அப்பா வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்வார்.

அப்பா தேயிலை ஆலையிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தார். அதையும் கேட்டுத்தான். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. ஆணியைவிட என் விரல்தான் அதிகம் அடிபட்டது. கோலா தெர்லாவில் காய்கறி லாரி ஓட்டிய மாமா, அம்மாவின் தம்பி, எங்கிருந்தோ தகரங்களை ஏற்றிவந்து இறக்கினார். அம்மா தன் சௌசௌப் பந்தலைத் தானே அறுத்துப் போட்டாள். லயம் முழுக்கக் காய் கொடுத்த பந்தல் அது. "எம்புள்ள படிக்கட்டும், சௌசௌ எங்க நட்டாலும் காய்க்கும்" என்றாள், மூச்சு வாங்க.

பந்தல் இருந்த இடத்தை அப்பா கொத்திச் சமமாக்கி, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார். அக்கா கோட்டுக்குள் போய் நின்று, "சன்னல் இங்க வேணும்ப்பா" என்று இல்லாத சன்னலைத் திறந்து காட்டினாள். எதிரே தேயிலைச் சரிவு, அதன்மேல் பனி. நானும் அந்த அறையில் படுத்துக்கொள்ளலாம், ஆனால் பேசக்கூடாது என்று ஒப்பந்தமாயிற்று. அன்றைக்கு அவள் சிரித்தாளே, அப்படி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் அவள் முகத்தில் நான் பார்க்கவில்லை.

"கேட்காதீங்க மச்சான்" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டா நோண்டுவானுங்க. எல்லாரும் கேட்டா கட்டுனாங்க?"

"நம்ம வீடு இல்லலா. தோட்டத்து வீடு. நாளைக்கு எம்பொண்ணு டீச்சரா வரப்ப, அவ அப்பன் திருட்டு ரூம்பு கட்டுனான்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோட்டத்து மேனேஜர் துரையிடம் அனுமதி கேட்க ஆபீசுக்குப் போனார்.

நெஞ்சுச் சளியால் அம்மா கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடுவது நின்றிருந்ததே தவிர, அதை வீட்டோடு சேர்த்துப் பார்க்க ஆபீசில் யாருக்கும் நேரமில்லை. அப்பாவே அந்த நேரத்தை உண்டாக்கிக் கொடுத்தார்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு தூறல் நாளில் குடையோடு வந்தார். சாம்பல் கோட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "துரை சரின்னுட்டாரு, கட்டிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. ஓட்டமாக ஓடி, "துரை சரின்னுட்டாரு! எங்களுக்கு ரூம்பு வரப்போவுது!" என்று வீட்டுக்கு வீடு கத்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். கிராணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யட்டும்? வீட்டுக்கு ரெண்டு பேரு வேலையில இருக்கணும், சட்டம் அப்படி. நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க. ரெண்டாவது ஆள் இல்லன்னா வீட்டையே விடணும்ங்கிறாரு." பிறகு குரலைத் தணித்து, "பெரிய பொண்ணு இருக்குதே" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அப்பா சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அதே வெள்ளைச் சட்டையில் மறுபடியும் ஆபீசுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. "ரூம்பு வேணாங்கய்யா. இருக்கறபடியே இருந்துக்கிறோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு அவர் சொன்னபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கிடைத்த அறையை வேண்டாம் என்கிறாரே, பைத்தியமா இந்த அப்பாவுக்கு?

"ரூம்பு வேணாம்னா கட்டாதீங்க. ஆளு வேணும்" என்றார் கிராணி.

அம்மா ஒரு நாள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பார்த்தாள். கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். மாமா வந்து, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று கத்திவிட்டு, அப்புறம் அவரே அழுதார். அவர் தங்கியிருந்ததும் முதலாளி வீட்டுக் கொட்டகையில்தான். இந்த வீட்டை விட்டால் நாங்கள் போக வேறு இடம் கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டுத் தன் பென்சில் பெட்டியைக் கொடுத்தாள். கவராயம், அடிமட்டம், மூடி கடிபட்ட பேனா, எல்லாம் அதற்குள் இருந்தன. நான் தொட்டாலே கையில் அடிக்கிறவள் அவள். அறை போன வருத்தத்துக்கு என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று எண்ணிக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் ஒளித்துவைத்தேன்.

பலகைகள் பின்பக்கம் கிடந்து நனைந்தன. மழைக்காலத்தில் தினமும் ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்புக்குப் போயின. தேயிலைக் காட்டிலிருந்து நனைந்து விறைத்து வருகிறவள் குளிக்க வேண்டுமே. அவற்றை உடைத்து அடுப்பில் வைத்தது அப்பாதான்.

அதெல்லாம் பிற்பாடு. பென்சில் பெட்டி கைக்கு வந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் கண்டது இதுதான்: குசினியில் அக்கா அம்மாவின் பூட்சுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் அம்மாவின் பிளாஸ்டிக் சீலை. அம்மா அதன் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூலு இல்லியாக்கா?"

"எனக்கு லீவுலா" என்றாள்.

"அப்ப எனக்கு எப்ப லீவு?"

அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, என் கன்னத்தை அழுத்திப் பிடித்தாள். வலித்தது. "ஒனக்கு லீவே கெடையாது, பாத்துக்க."

என்ன அநியாயம் என்று பள்ளிக்கூடம் வரைக்கும் நான் அழுதுகொண்டே போனேன்.